சிக்கலான நோய்களுக்கான மருந்துகளைக் கையாளப் பழகுதல்: மருந்தாளர் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பயிற்சிக்காக என்னிடம் வரும் மருந்தாளர் மாணவர்களில் சிலர் மட்டக்களப்பு நகரத்தவர்கள். சிலர் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிறவர்கள். ஊர் வேறானாலும் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் வாயால் சொல்லிவந்த விடைகளை, அவர்கள் கேட்ட சொற்களுடனேயே இங்கே எழுதிவைக்கிறேன். பெற்றோரும் இளம் மருந்தாளர்களும் கேட்ட சில கேள்விகளும் இடையில் உள்ளன.

சிக்கலான நோய் என்றால் பெரிய நோய்தானே சேர்? புற்றுநோய் மாதிரி?

நோயின் பெயரைக் கொண்டு சிக்கலை அளக்க முடியாது. நிமோனியா உயிரை எடுக்கக்கூடிய நோய்தான். ஆனாலும் வேறு வருத்தம் எதுவும் இல்லாத இளைஞருக்கு அது வந்தால் மருந்தைத் தெரிவுசெய்வது பெரும்பாலும் நேரான வேலை. அறுபத்தாறு வயதான ஒருவருக்குச் சீனி வருத்தம், பிறசர், இருதயப் பலவீனம், பாதி வேலை செய்யும் சிறுநீரகம், முழங்கால் நோவு ஆகியவை ஒன்றாக இருந்தால், தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் ஊரெங்கும் காணும் சாதாரண வருத்தமே. ஆனால் முழங்காலுக்குக் கொடுக்கும் டைகுளோஃபெனக் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உடலில் நீரைத் தேக்கி இருதயத்தையும் களைக்க வைக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் சீனிக்குக் கொடுக்கும் மெட்ஃபோமினின் அளவை மாற்ற வேண்டிவரும். ஒன்றைத் தொட்டால் மற்றது அசைகிற இந்த நிலையைத்தான் சிக்கல் என்கிறோம்.

இதனுடன் மனிதரின் வாழ்வும் சேர்கிறது. அவர் இரண்டு கிளினிக்குகளுக்குப் போகிறார், இடையில் காய்ச்சல் வந்தால் தனியார் டொக்டரிடம் போகிறார், ஆஸ்பத்திரியில் இல்லாத குளிசையை வெளியே பாமசியில் வாங்குகிறார். இவை அனைத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டார்.

மருந்துத் துண்டு எழுதுவது டொக்டர். நாங்கள் குளிசையை எண்ணிக் கொடுத்தால் போதாதா?

ஒரு காலத்தில் உலகெங்கும் அப்படித்தான் இருந்தது. 1990 இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் என்ற இருவர் எழுதிய கட்டுரை, மருந்தைக் கொடுப்பதோடு மருந்தாளரின் பொறுப்பு முடிவதில்லை, அந்த மருந்தால் நோயாளி அடையும் பலனுக்கும் அவர் பொறுப்பாளி என்று வாதிட்டது. இன்று மருந்தாளர் கல்வி பெரும்பாலும் அந்த எண்ணத்தின் மீதே நிற்கிறது.

டொக்டரின் வேலையை நாம் பறிப்பதாக இதை விளங்கிக்கொள்ளக் கூடாது. கிளினிக் நாளில் ஒரு டொக்டர் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பார்க்க வேண்டியிருக்கலாம். அவர் முன்னால் இருப்பது கிளினிக் கொப்பி. மருந்து கொடுக்கும் யன்னலில் நம் முன்னால் இருப்பதோ மருந்தும் அதை விழுங்கப்போகும் மனிதரும். துண்டில் எழுதியதற்கும் வாய்க்குள் போவதற்கும் இடையே நிகழ்வதைப் பார்க்கக்கூடிய கடைசி ஆள் மருந்தாளரே. இந்தப் பயிற்சி முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியது என்றே நான் கருதுகிறேன்.

மகளுக்கு உயிரியலில் நல்ல பெறுபேறு. இதை எங்கே படிக்கலாம்?

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு ஆகிய பல்கலைக்கழகங்களில் மருந்தாளர் பட்டப்படிப்பு இருக்கிறது. கற்பிக்கும் மொழி ஆங்கிலம். பதிவுபெற்ற மருந்தாளரின் கீழ் பயிலுநராக இருந்து பரீட்சை எழுதித் தகுதி பெறும் வழியும் உண்டு. எவ்வழியில் வந்தாலும் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிந்த பின்னரே மருந்தாளராகத் தொழில் செய்யலாம்.

வாட்டுக்குப் போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? கட்டில் துண்டையா, இரத்தப் பரிசோதனையையா?

பையைப் பாருங்கள். வீட்டில் இருக்கும் மருந்து முழுவதையும், நிறுத்தியது, மிஞ்சியது, அயல்வீட்டார் தந்தது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரும்படி நோயாளியிடமோ அவருடன் நிற்பவரிடமோ சொல்லுங்கள். புத்தகத்தில் இதற்கு மருந்து வரலாறு எடுத்தல் என்று பெயர். பை இல்லாமல் எடுக்கும் வரலாறு பாதி வரலாறுதான்.

ஒரு நாள் ஓர் அம்மாவின் பையை மாணவர்கள் முன்னால் மேசையில் கொட்டினோம். துணிக்கடைப் பை. அதற்குள் ரப்பர் பட்டி போட்ட மருந்து மட்டைகள், பெயர் அழிந்த கடதாசிச் சரைகள், மூடியில்லாத இன்சுலின் குப்பி ஒன்று, பாதி குடித்த இருமல் பாணி. இரண்டு மட்டைகளை ஒரு மாணவி தனியே எடுத்து வைத்தார். நிறமும் வேறு, கம்பனிப் பெயரும் வேறு. பின்புறத்தில் சிறிய எழுத்தில் இரண்டிலும் லொசார்டன் 50 மி.கி. என்றிருந்தது, அது பிறசர் குளிசை. ஆஸ்பத்திரியில் தந்ததைக் காலையிலும், வெளியே வாங்கியதை இரவிலும், இரண்டும் வெவ்வேறு வருத்தத்துக்கு என்று நினைத்து அவர் குடித்துவந்திருக்கிறார். எழும்பும்போது தலை சுற்றுகிறது என்பதுதான் அவரை வாட்டில் சேர்த்த காரணம். கட்டில் துண்டில் லொசார்டன் ஒரு தடவை மட்டுமே எழுதப்பட்டிருந்தது.

பையில் உள்ள ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இதை எப்படிக் குடிக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். "இதை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "போன கிழமை எத்தனை நாள் விடுபட்டது?" என்பது அவர்களுக்குக் கூச்சம் தராமல் உண்மையைக் கொண்டுவரும் கேள்வி.

நோயாளி ஒன்று சொல்கிறார், கொப்பியில் வேறொன்று இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் எழுதுங்கள், வேறுபாட்டையும் எழுதுங்கள். கொப்பி டொக்டரின் எண்ணத்தைக் காட்டுகிறது, நோயாளி வீட்டில் நடப்பதைச் சொல்கிறார். முடிந்தால் குளிசை எண்ணுங்கள்: முப்பது நாளைக்கு அறுபது கொடுத்து, இருபதாம் நாளில் நாற்பது மிஞ்சியிருந்தால் அவர் பாதிதான் குடித்திருக்கிறார். 2022 இன் மருந்துத் தட்டுப்பாட்டில் குளிசையைப் பாதியாக உடைத்தும், ஒன்றுவிட்ட ஒரு நாளும் குடித்துப் பழகியவர்கள் உண்டு. ஒருவரும் மாற்றச் சொல்லாததால் அதையே தொடர்கிறவரைக் கண்டால் குற்றம் சொல்லாதீர்கள்.

பத்து மருந்து இருந்தால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஒவ்வொரு மருந்துக்கும் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். இது எந்த வருத்தத்துக்கு, இன்னமும் தேவையா? வேலை செய்கிறதா? தீங்கு செய்கிறதா? அவரால் இதைச் சொன்னபடி குடிக்க முடிகிறதா? வரிசை முக்கியம். தேவையே இல்லாத ஒரு மருந்தை ஒருவர் ஏன் ஒழுங்காகக் குடிக்கவில்லை என்று ஆராய்வது நேரத்தை வீணாக்கும் வேலை.

பின்னர் மறுபக்கமாகவும் பாருங்கள்: மருந்து இல்லாத வருத்தம் ஏதும் இருக்கிறதா? மாரடைப்பு வந்துபோனவருக்குக் கொலஸ்ட்ரோல் குளிசை துண்டில் இல்லையென்றால் அதுவும் ஒரு மருந்துப் பிரச்சினையே. மாணவர்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். இல்லாததைக் காண்பதற்கு நோய்களின் பட்டியலை ஒரு பக்கமும் மருந்துகளின் பட்டியலை மறுபக்கமும் எழுதிக் கோடு போட்டு இணைத்துப் பார்க்க வேண்டும். கோடு விழாத நோயும் கோடு விழாத மருந்தும் உடனே தெரியும்.

கிரியாட்டினின் 1.4 தானே. கொஞ்சம்தானே கூட. அளவை மாற்ற வேண்டுமா?

இந்த ஒரு கேள்விக்கு நான் ஒரு முழு முற்பகலைச் செலவிடுவேன். கிரியாட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகத்தால் வெளியேறும் கழிவு. மெலிந்த வயோதிபரிடம் தசை குறைவு. ஆகவே சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தும் அந்த எண் சாதுவாகவே நிற்கும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணிக்க, கொக்குரொஃப்ட், கோல்ட் என்ற இருவரின் பெயரால் வழங்கும் சமன்பாட்டைக் கையாலேயே போட்டுப் பாருங்கள்: 140 இலிருந்து வயதைக் கழித்து, கிலோகிராமில் நிறையால் பெருக்கி, 72 ஐக் கிரியாட்டினினால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண்ணாயின் விடையை 0.85 ஆல் பெருக்க வேண்டும். 68 வயது, 45 கிலோ, கிரியாட்டினின் டெசிலீற்றருக்கு 1.4 மில்லிகிராம் உள்ள ஓர் அம்மாவை எடுத்தால், 140 இலிருந்து 68 போக 72, அதை 45 ஆல் பெருக்க 3240. அதை, 72 ஐ 1.4 ஆல் பெருக்கி வரும் 100.8 ஆல் வகுக்க 32. அதை 0.85 ஆல் பெருக்க நிமிடத்துக்கு 27 மில்லிலீற்றர். ஆய்வுகூடம் மைக்ரோமோலில் 124 என்று தந்திருந்தால் முதலில் 88.4 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இனித்தான் சிக்கல். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்துக்கு ஆய்வுகூடங்கள் தரும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மதிப்பீட்டை 2021 ஆம் ஆண்டின் சமன்பாட்டால் கணித்தால் அதே அம்மாவுக்கு 41 வரும். இரண்டும் சரியே. இரண்டாவது எண் சராசரி உடலளவுக்குச் சமப்படுத்தப்பட்டது, நம் அம்மாவோ சிறிய உடம்புக்காரி. மெட்ஃபோமினுக்கான வழிகாட்டல்கள் ஈ.ஜி.எஃப்.ஆரைக் கொண்டு எழுதப்பட்டவை: 30 க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும், 30 க்கும் 45 க்கும் இடையில் புதிதாகத் தொடங்காமல், ஏற்கெனவே குடிப்பவருக்கு அளவைப் பாதியாக்க வேண்டும். எனொக்சபரின் ஊசிக்குப் பார்ப்பது முதலாவது எண்: 30 க்குக் கீழே என்றால், இரத்தக்கட்டிச் சிகிச்சையில் நாளுக்கு இரு தடவை போடுவதை ஒரு தடவையாக்க வேண்டும். எந்த மருந்துக்கு எந்த எண் என்று பார்க்காமல் கையில் அகப்பட்டதை எடுத்தால் அந்த அம்மாவுக்கு இரத்தம் கசியக்கூடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: அந்த அம்மா மெட்ஃபோமின் 1 கிராம் வீதம் இரு வேளை குடிப்பவராக இருந்தால், எந்த எண்ணை எடுத்தாலும் அது அதிகம். இரண்டு கணக்கும் ஒரே பக்கம் கை காட்டும்போது டொக்டரிடம் தயங்காமல் போகலாம்.

எந்தெந்த மருந்தைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு பட்டியல் தாருங்கள். மனப்பாடம் செய்கிறோம்.

நீண்ட பட்டியல் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகும். வழிமுறையை விளங்கிக்கொண்டால் பட்டியலை நீங்களே எழுதுவீர்கள். ஆனாலும் இந்தப் பக்கத்து வாட்டுகளில் திரும்பத் திரும்பக் காணும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, மூன்று பேர் கூட்டு: எனலாப்ரில் அல்லது லொசார்டன், சலம் போகும் குளிசை, நோவுக்கு டைகுளோஃபெனக் போன்றது ஒன்று. முதலாவது சிறுநீரக வடிகட்டியின் வெளிவாசலைத் தளர்த்துகிறது, இரண்டாவது உடலின் நீரைக் குறைக்கிறது, மூன்றாவது உள்வாசலை இறுக்குகிறது. மூன்றும் சேரும்போது வடிகட்டுவதற்கான அழுத்தமே இல்லாமற்போகிறது. வெயில் காலத்தில் வயிற்றோட்டமும் சேர்ந்துவிட்டால் சில நாட்களிலேயே சிறுநீரகம் நின்றுபோகலாம். முதல் இரண்டும் துண்டில் இருக்கும். மூன்றாவது துண்டில் இராது, கடையில் வாங்கியதாக இருக்கும். பையைப் பாருங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, இருதய வால்வு மாற்றியவர்கள் இரத்தம் கட்டிபடாமல் இருக்கக் குடிக்கும் வொஃபரின். பல்வலிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் அதன் வேலையைப் பெரிதும் கூட்டும். காசநோய்க்குக் கொடுக்கும் றிஃபம்பிசின் நேர்மாறாக அதை வலுவிழக்கச் செய்யும். எந்தப் புதிய மருந்து தொடங்கினாலும் நிறுத்தினாலும் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்யச் சொல்லுங்கள். கீரையே சாப்பிடக் கூடாது என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள், அது தவறு. கிழமைதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட வேண்டும் என்பதே சரி.

மூன்றாவது, தைரொக்சின் குளிசையுடன் இரும்புச்சத்து அல்லது கல்சியம். இவை அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணித்தியாலம் விலக்கிக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. மார்கழி மழையோடு டெங்குக் காய்ச்சல் வரும் மாதங்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காய்ச்சலோடு மருந்து கேட்டு வருபவருக்கு பரசிற்றமோல் தவிர வேறு நோவு மருந்தைக் கொடுக்கக் கூடாது.

இளநீரும் நாட்டு மருந்தும் இயற்கைதானே? அதையும் கேட்டு எழுத வேண்டுமா?

கட்டாயம் எழுத வேண்டும். தென்னந்தோப்பு நிறைந்த நம் ஊரில் களைப்புக்கு முதல் மருந்து இளநீர். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது நல்லதே. சிறுநீரகம் தளர்ந்து, உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் லொசார்டனும் ஸ்பைரனோலக்டோனும் குடிக்கும் ஒருவருக்கு அதில் உள்ள பொட்டாசியம் இருதயத் துடிப்பையே குழப்பிவிடக்கூடும். சிறுநீரக நோயாளர் காமரங்காயைத் தொடவே கூடாது. தீராத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும்.

சீனிக்கென்று கொதலகிம்புட்டு என்ற மூலிகையின் கஷாயமோ பாகற்சாறோ குடிப்பவரின் சீனி, குளிசையும் சேரும்போது எதிர்பாராமல் இறங்கலாம். நாட்டு வைத்தியத்தை இழித்துப் பேசும் மாணவரை நான் உடனே திருத்துவேன். இழித்துப் பேசியவரிடம் நோயாளி அடுத்த முறை உண்மையைச் சொல்லமாட்டார்.

நோன்பு மாதத்தில் சீனி வருத்தக்காரருக்கு என்ன சொல்வது? பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, நிந்தவூர் என்று எங்கே வேலை செய்தாலும் இந்தக் கேள்வி வரும். வேண்டாம் என்று மொட்டையாகச் சொன்னால் பலர் தாமாகவே பிடிப்பார்கள், மருந்தையும் தாமாகவே மாற்றுவார்கள். நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பேச்சைத் தொடங்குவதே வழி. இன்சுலின் போடும் முதலாம் வகை நோயாளர், அண்மையில் சீனி கடுமையாக இறங்கி மயங்கியவர்கள், சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மிக அதிகம். அவர்களை டொக்டரிடம் அனுப்பி, மார்க்கத்தில் நோயாளிக்கு உள்ள சலுகையை அவர்கள் நம்பும் மௌலவி ஒருவரிடம் கேட்கச் சொல்வது பயன் தரும்.

மற்றவர்களுக்கு நேரத்தை மாற்றலாம். மெட்ஃபோமின் இரு வேளை என்றால் நோன்பு திறக்கும்போதும், விடியுமுன் உண்ணும் சஹரிலும். மூன்று வேளை என்றால் பகல் வேளையை நோன்பு திறக்கும் வேளையுடன் சேர்க்கலாம். கிளிக்ளசைட் சீனியை இறக்கக்கூடியது என்பதால் பெரிய பங்கு நோன்பு திறக்கும்போது இருக்க வேண்டும், சஹர் வேளைக்குக் குறைக்க வேண்டும். இந்த மாற்றத்தை டொக்டர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். சீனி 70 க்குக் கீழே இறங்கினாலோ 300 க்கு மேலே ஏறினாலோ எந்த நேரமானாலும் நோன்பைத் திறக்க வேண்டும் என்பதையும், விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் பொதுவான கருத்து என்பதையும் சொல்லுங்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்களிடமும் இதே பேச்சைப் பேச வேண்டும். அவர்களிடம் கேட்க நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை. ஒரு மாத இன்சுலினைக் கொடுத்து அனுப்பலாமா?

திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். பாவனையில் உள்ள குப்பி சூடில்லாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். சித்திரை வைகாசியில் தகரக் கூரை வீட்டின் உள்ளே அந்தச் சூடில்லாத இடம் கிடையாது. பெரிய மண்சட்டியில் ஈர மணல் நிரப்பி, அதன் நடுவே சிறிய முட்டியை வைத்து, குப்பியைப் பொலித்தீனில் சுற்றி அதற்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, நிழலும் காற்றும் உள்ள மூலையில் வைக்கச் சொல்லுங்கள். மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இதனால் பிரிட்ஜின் குளிர் வராது, ஆனால் பாவனையில் உள்ள குப்பியைக் காப்பாற்றப் போதும். மிகுதிக் குப்பிகளை பிரிட்ஜ் உள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம், ஐஸ் உறையும் பெட்டியில் மட்டும் வைக்கக் கூடாது. உறைந்து இளகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எறிய வேண்டியதுதான்.

நன்றாக விளங்கப்படுத்தினேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார். ஆனாலும் குடிக்கவில்லை. ஏன்?

விளங்காததால்தான் குடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாவியில் இரவுத் தொழில் செய்யும் ஒருவர் இருதயப் பலவீனத்துக்காக ஃபுறூசமைட் என்ற சலம் போகும் குளிசையைக் குடிக்க வேண்டியவர். கால் வீங்கி மூன்றாவது தடவையாக வாட்டுக்கு வந்திருந்தார். "மருந்தின் முக்கியத்துவம் எடுத்துரைக்கப்பட்டது" என்று மாணவர் அழகாகக் குறிப்பெழுதியிருந்தார். நான் பக்கத்தில் அமர்ந்து, "தோணியில் இருக்கும்போது சலம் வந்தால் என்ன செய்வீர்கள், அண்ணன்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார், பிறகு சொன்னார்: பின்னேரம் குடித்தால் தோணியில் நிற்க முடியாது, காலையில் கரைக்கு வந்ததும் தூங்கிவிடுவார், ஆகவே குடிப்பதே இல்லை. குளிசையின் வேகம் நாலு முதல் ஆறு மணித்தியாலத்தில் அடங்கிவிடும். தூங்கி எழும்பி, பகல் பன்னிரண்டு மணிக்குக் குடித்தால் மாலையில் தோணி ஏறும்போது தொல்லை இராது. டொக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றினோம்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். சொல்லி முடித்ததும் "விளங்கியதா?" என்று கேட்காமல், "வீட்டில் மகள் கேட்டால் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் வாயால் வரும் விடைதான் உங்கள் விளக்கத்துக்குக் கிடைக்கும் புள்ளி.

குளிசைச் சரையில் ஆங்கிலம், கொப்பியில் சிங்களம், நோயாளி தமிழ். என்ன செய்வது?

அம்பாறை நகர்ப் பக்கத்தில் இது அன்றாடம் நிகழ்வது. சரையில் சூரியனும் பிறையும் வரைந்து, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தமிழில் இரண்டு சொல் எழுத அரை நிமிடம் போதும். வாசிக்கத் தெரியாதவருக்கு இரவுக் குளிசைச் சரையின் மூலையை மடித்துக் கொடுப்பேன். விளக்கு இல்லாவிட்டாலும் கை கண்டுபிடிக்கும். தமிழ் மாணவர்கள் சிங்களத்தில் மருந்து விளங்கப்படுத்தப் பழக வேண்டும் என்பதையும் வற்புறுத்துகிறேன். மொழி தெரியாத கிளினிக்கில் நம் தாய்மார் படும் பாட்டைச் சிங்களத் தாயொருவர் நம்மிடம் படக் கூடாது.

வீட்டுக்கு விடும் நாளில் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். அன்றைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

உலக சுகாதார நிறுவனம் 2017 இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு முயற்சி மூன்று இடங்களைக் குறிப்பாகச் சுட்டியது: ஆபத்து மிகுந்த மருந்துகளும் சூழல்களும், பல மருந்துகளை ஒன்றாகக் குடித்தல், ஓரிடத்துப் பராமரிப்பிலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுதல். வீட்டுக்கு விடும் நாளில் மூன்றும் ஒன்றாக வருகின்றன.

வந்த அன்று எடுத்த பைப் பட்டியலையும், வாட்டில் கொடுத்த மருந்துகளையும், வீட்டுக்கு எழுதிய துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நிறுத்தியது எது, புதியது எது, அளவு மாறியது எது என்று மூன்று வரிகளில் எழுதிக் கொடுங்கள். நிறுத்திய மருந்தின் மிச்சத்தைப் பையிலிருந்து எடுத்துவிட அனுமதி கேளுங்கள். மேலே சொன்ன லொசார்டன் அம்மாவுக்கு நாங்கள் செய்த பெரிய சிகிச்சை அந்த இரண்டாவது மட்டையை வாங்கி வைத்துக்கொண்டதுதான்.

மருந்தைக் குறைக்கச் சொல்லலாமா? டொக்டர் கோபிக்கமாட்டாரா?

குறைப்பதும் சிகிச்சையே. இரைப்பைப் புண்ணுக்கு எட்டு வாரத்துக்கு எழுதிய ஒமெப்பிரசோல் எட்டு வருடமாகத் தொடர்வதை நீங்கள் காண்பீர்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும், சிலவற்றைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. பல வாரம் குடித்த பிரட்னிசொலோன், பிசோப்ரோலோல் போன்ற இருதயக் குளிசைகள், வலிப்பு மருந்துகள், நித்திரைக் குளிசைகள் ஆகியவற்றைப் படிப்படியாகவே இறக்க வேண்டும்.

கோபத்தைப் பற்றிச் சொல்வதானால், அது பெரும்பாலும் நாம் சொல்லும் முறையைப் பொறுத்தது. நோயாளியின் முன்னால் சொல்லாதீர்கள். யார், என்ன கண்டீர்கள், அதனால் என்ன நேரலாம், என்ன செய்யலாம் என்று நான்கு வாக்கியத்தில் முடியுங்கள். "சேர், பதினொராம் கட்டில் அம்மாவுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். 41. மெட்ஃபோமின் 1 கிராம் இரு வேளை போகிறது. லக்டிக் அமிலம் தேங்க இடமுண்டு. 500 மில்லிகிராம் இரு வேளையாக்கலாமா?" இப்படிக் கேட்ட மாணவியிடம் கோபித்த டொக்டரை நான் கண்டதில்லை. "மெட்ஃபோமின் பிழை சேர்" என்று மட்டும் சொன்னவர் ஏச்சு வாங்கியதைக் கண்டிருக்கிறேன். டொக்டர் உடன்படாவிட்டால் காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல தடவை அவருக்குத் தெரிந்த ஒன்று நமக்குத் தெரியாமல் இருக்கும். ஆனால் உடனடி ஆபத்து என்று நீங்கள் உறுதியாகக் கருதினால், மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து உங்கள் மேற்பார்வையாளரை அழையுங்கள்.

இதையெல்லாம் பரீட்சையில் எப்படிப் பார்ப்பார்கள்? எழுத்தில் கேட்க முடியாதே?

ஓஸ்கி என்ற நிலையங்கள் முறைப் பரீட்சையில் பார்ப்பார்கள். ஸ்கொட்லாந்தில் ஹார்டன் என்பவர் 1975 இல் மருத்துவ மாணவர்களுக்காக அறிமுகப்படுத்தியது இது. சில நிமிடத்துக்கு ஒரு நிலையம், ஒவ்வொன்றிலும் நோயாளியாக நடிக்கும் ஒருவர். தயாராவதற்கு உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பையை அவருடைய சம்மதத்துடன் கொட்டிப் பாருங்கள். அதைவிட நல்ல வினாத்தாள் எனக்குத் தெரியாது.

நான் பிழையாகக் கொடுத்துவிட்டால்?

இதைக் கேட்கும்போது பெரும்பாலும் குரல் தாழ்ந்திருக்கும், மற்றவர்கள் போன பிறகே கேட்பார்கள். உடனே சொல்லுங்கள்: மேற்பார்வையாளரிடம், டொக்டரிடம், பிறகு அவர்களுடன் சேர்ந்து நோயாளியிடம். நேரம் போகப் போகத் திருத்தக்கூடிய பிழை திருத்த முடியாததாகிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஓர் ஐயாவுக்கு மூட்டு வாதத்துக்கான மெதொட்ரெக்சேற் குளிசையைச் சரையில் போட்டு, "மூன்று குளிசை, கிழமைக்கு ஒருமுறை" என்று எழுதிக் கொடுத்தேன். வாயால் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. கூட வந்த பேரன் எழுத்தை அவசரமாக வாசித்து "மூன்று குளிசை" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். நாள்தோறும் மூன்று குடித்த அந்த ஐயா, ஐந்தாம் நாள் வாய் முழுக்கப் புண்ணோடு, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் திரும்பி வந்தார். இரத்த அணுக்கள் இறங்கியிருந்தன. வாட்டில் சேர்த்து, ஃபோலினிக் அமில ஊசி போட்டு, பல நாள் வைத்திருந்து தேற்றினார்கள். நான் நாள்தோறும் போய்ப் பார்த்தேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் மெதொட்ரெக்சேற்றை வேறு மருந்துகளோடு ஒரே பையில் போடுவதில்லை. சரையில் "வெள்ளிக்கிழமை மட்டும்" என்று பெரிதாக எழுதுகிறேன், அதனுடன் கொடுக்கும் ஃபோலிக் அமிலக் குளிசைக்கு வேறு நாளைக் குறிக்கிறேன். பிறகு சரையைக் கையில் வைத்துக்கொண்டே, எந்த நாள் குடிப்பீர்கள் என்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் சரையைக் கொடுக்கிறேன்.